எச்.எம். கிடைப்பாரா சார்... எச்.எம்.!

“தம்பி, உங்க ஊருக்குக் காலையில ஒன்பது மணிக்கு நேரா பஸ் இருக்கா?”

“இருக்கு மேடம்!”

பொய். சுத்தமான, கலப்படமில்லாத பொய்! எங்கள் ஊருக்குக் காலை பஸ் ஒன்பது நாற்பதுக்கு. பள்ளிக்கூடத்தில் பிரேயர் ஒன்பதே காலுக்கு. அந்த பஸ்ஸை நம்பி வருகிற டீச்சர், முதல் பீரியட் பாதியில்தான் கேட்டுக்குள் நுழைய முடியும்.

ஆனால், அந்த ஒரு வார்த்தைப் பொய்யால் எங்கள் ஊர் அரசு உயர்நிலைப் பள்ளிக்கு ஒரு தலைமையாசிரியை கிடைத்தார். எனக்கு ஆபீசில் ஒன்பது லேட் மார்க் கிடைத்தது. கணக்கு நேராகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்களேன்!

நான் பக்கத்து டவுனில் ஒரு கம்பெனியில் பில் சரிபார்க்கிறவன். பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் உள்ள உறவு, நான் பத்தாவது பாஸ் பண்ணியதோடு முடிந்தது என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் 2024-ல் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழுக்களைத் திருத்தி அமைத்தபோது, முன்னாள் மாணவர்களுக்கும் அதில் இடம் கொடுத்தார்கள். ‘சும்மா மாசம் ஒரு மீட்டிங்தாண்டா, டீயும் பிஸ்கெட்டும் உண்டு’ என்று நண்பர்கள் என்னைத் தள்ளிவிட்டார்கள்.

முதல் மீட்டிங்கிலேயே தெரிந்துவிட்டது... டீ இருக்கிறது, பிஸ்கெட் இருக்கிறது, எச்.எம்.தான் இல்லை!

பழைய எச்.எம். மே மாதம் 31-ந் தேதி மாலையோடும் பிரேம் போட்ட போட்டோவோடும் ரிட்டயர் ஆகிப் போய்விட்டார். ஜூன் போனது, ஜூலை போனது. அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியில் ஒரு துண்டு மட்டும் விரித்துக் கிடந்தது. அதில் உட்காராமல், பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தவர் எங்கள் கணக்கு சார்.

அவருக்குப் பெயர் ‘பொறுப்பு எச்.எம்.’

பேரில் மட்டுமல்ல, நிஜமாகவே அத்தனை பொறுப்பும் அவர் தலையில்தான். காலையில் வந்ததும் வருகைப் பதிவை ‘எமிஸ்’ இணையதளத்தில் ஏற்ற வேண்டும். பாடப்புத்தகம் வந்தால் எண்ணி வாங்க வேண்டும், சீருடை வந்தால் அளவு பார்க்க வேண்டும். பஸ் பாஸ் பாரம், ஸ்காலர்ஷிப்புக்கு பேங்க் அக்கவுண்ட், சாதிச் சான்றிதழ், டி.சி., சத்துணவுக் கூடத்தில் முட்டை எண்ணிக்கை... நடுவில் மீட்டிங் என்று கூப்பிட்டால் மாவட்டத் தலைநகருக்கு ஓட வேண்டும். சம்பள பில்லுக்குக் கையெழுத்துப் போடும் அதிகாரமோ பக்கத்து ஊர் எச்.எம். கையில். ஆகவே அதற்கு ஒரு நடை.

“சார், கிளாஸ் எப்ப எடுப்பீங்க?” என்று கேட்டேன்.

ஸ்டூலில் இருந்தபடியே நிமிர்ந்து பார்த்தார். “சனிக்கிழமை!” என்றார்.

ஜோக் அடிக்கிறார் என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

என் அக்கா மகன் அங்கேதான் பத்தாவது படித்துக்கொண்டிருந்தான். பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் மொத்தம் எட்டு பாடங்கள். முதல் பாடம் ‘உறவுகளும் சார்புகளும்’. செப்டம்பர் மாதம் அவன் நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். இன்னும் உறவே முடியவில்லை, சார்பு எங்கே ஆரம்பிப்பது? “என்னடா இது?” என்றால், “சார் நல்லாத்தான் நடத்துவாரு மாமா. நடத்த ஆரம்பிச்சதும் போன் வந்துடும்” என்றான்.

அதற்கு மேல் எனக்குப் பிஸ்கெட் இறங்கவில்லை.

காலியாக இல்லாத காலி!

ஆபீஸில் வேலை பார்க்கிற புத்திதானே நமக்கு? ஒரு சீட் காலியானால் என்ன செய்வார்கள்? விளம்பரம், பயோடேட்டா, இன்டர்வியூ, ‘உங்க பலவீனம் என்ன?’ என்று ஒரு கேள்வி, ‘ஓவரா வேலை செய்யறதுதான் சார்’ என்று ஒரு பதில், அப்பாயின்ட்மென்ட் ஆர்டர்! அதே மாதிரி எங்கள் பள்ளிக்கும் ஒரு நல்ல எச்.எம்.மாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்துக் கொடுங்கள் என்று குழுத் தலைவி அக்காவிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு, ஒரு மனுவோடு கிளம்பினேன்.

கல்வி அலுவலகத்தில் ஒரு பெரியவர் மனுவை முழுசாகப் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

“தம்பி, நல்ல எச்.எம். வேணும்னு எழுதியிருக்கீங்க. ‘நல்ல’ங்கறதுக்கு எங்ககிட்ட காலம் கிடையாது. சீனியாரிட்டிக்குத்தான் காலம் இருக்கு” என்றார்.

பிறகு அவர்தான் பொறுமையாக விளக்கினார். நம் அரசு உயர்நிலைப் பள்ளிக்கு எச்.எம்.மை யாரும் வெளியிலிருந்து ‘எடுப்பது’ இல்லை. பட்டதாரி ஆசிரியர்களாக இருக்கிறவர்களைப் பணிமூப்பு வரிசைப்படி பதவி உயர்த்துவதுதான் வழி. ஜனவரி 1-ந் தேதி நிலவரப்படி ஒரு முன்னுரிமைப் பட்டியல் தயாராகும். அதில் பெயர் விட்டுப்போனது, தேதி தப்பு என்றெல்லாம் ஆட்சேபணைகள் வரும், திருத்தம் நடக்கும். சில சமயம் யாராவது கோர்ட்டுக்குப் போவார்கள், தடை வரும், பட்டியல் அப்படியே உறையும். எல்லாம் தாண்டி வந்தால் கலந்தாய்வு. வரிசைப்படி ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, காலியிடங்களைக் காட்டி, ‘எந்த ஊர் வேணும்?’ என்று கேட்பார்கள்.

“அப்ப, நாங்க எச்.எம்.மைத் தேர்ந்தெடுக்கறதில்லையா?”

“இல்லை. எச்.எம்.தான் உங்களைத் தேர்ந்தெடுப்பாங்க!”

எனக்கு சுருக்கென்றது. பெண் பார்க்கப் போகிறோம் என்று நினைத்து ஸ்வீட் பாக்ஸோடு போனால், ‘இல்லை தம்பி, நீங்கதான் பொண்ணு, போய் உட்காருங்க’ என்றது போல இருந்தது!

“சரி சார், அதுவரைக்கும் பத்தாங்கிளாஸுக்குக் கணக்கு யார் எடுக்கறது? தற்காலிக ஆசிரியர் போடலாம்னு சொன்னாங்களே?”

போடலாம்தான். 2022-ல் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 13,331 இடங்களை, பள்ளி மேலாண்மைக் குழு மூலமாகவே தற்காலிகமாக நிரப்பிக்கொள்ளச் சொன்னார்கள். இடைநிலை ஆசிரியருக்கு மாதம் 7,500 ரூபாய், பட்டதாரி ஆசிரியருக்கு 10,000, முதுகலை ஆசிரியருக்கு 12,000 என்று நிர்ணயித்தார்கள். பிறகு அதை உயர்த்தவும் செய்தார்கள். ஆனால்...

“உங்க ஸ்கூல்ல கணக்கு போஸ்ட் காலியா?” என்று கேட்டார் பெரியவர்.

“கணக்கு சார்தான் எச்.எம். வேலை பார்க்கறாரே...”

“பார்க்கட்டும். அவர் இன்னும் அந்தப் பள்ளியோட கணக்கு ஆசிரியர்தானே? அப்ப கணக்கு போஸ்ட் காலி இல்லை. காலியா இருக்கறது எச்.எம். போஸ்ட். எச்.எம்.மைத் தற்காலிகமா போட முடியாது. கணக்கு டீச்சரைப் போடலாம். ஆனா, அந்த இடம் காலி இல்லை!”

இதைவிடக் கஷ்டமான கணக்கு அந்த எட்டுப் பாடத்திலும் இருக்காது சார்! காலியாக இருக்கிற நாற்காலிக்கு ஆள் வராது. ஆள் இல்லாத வகுப்போ ரிக்கார்டில் காலி கிடையாது. நாற்பத்திரண்டு பிள்ளைகள் நடுவில் உட்கார்ந்து போர்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

அன்று ராத்திரி பழைய மாணவர்கள் வாட்ஸ்அப் குரூப்பில் எழுதினேன். வழக்கமாக அதில் ‘குட்மார்னிங்’ பூவும், பிறந்தநாள் கேக்கும்தான் வரும். “ஆளுக்கு மாசம் ஐந்நூறு ரூபாய், மார்ச் வரைக்கும்” என்றேன். குரூப்பில் தொண்ணூறு பேர். அதில் எழுபத்து நாலு பேருக்கு அன்றைக்குத்தான் செல்போன் ரிப்பேர் ஆகிவிட்டது! மிச்சம் பதினாறு பேர் கொடுத்தார்கள். எட்டாயிரம் ரூபாய். உள்ளூரிலேயே பி.எஸ்ஸி., பி.எட். முடித்துவிட்டுக் கைக்குழந்தையோடு வீட்டிலிருந்த ஒரு தங்கச்சியிடம் கேட்டோம். பெற்றோர் ஆசிரியர் கழகத்தின் பேரில் நவம்பரில் வந்து சாக்பீஸைக் கையில் எடுத்தார். குழந்தையைப் பார்த்துக்கொண்டது சத்துணவு ஆயா!

வரிசை நல்லதா, கெட்டதா?

இடைப்பட்ட மாதங்களில், ‘என்னய்யா இது, சீனியாரிட்டி ஒரு தகுதியா?’ என்று கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் நியாயம் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு ரிட்டயர்டு எச்.எம். என் வாயை அடைத்தார்.

“தம்பி, வரிசையில நின்னு டிக்கெட் வாங்கறவன்தான் வரிசையைத் திட்டுவான். வரிசை இல்லாத கவுன்ட்டரைப் பார்த்தவன் திட்டமாட்டான். சிபாரிசுக் கடிதத்தைத் தூக்கிக்கிட்டு அலைஞ்சவங்களைக் கேட்டுப்பாருங்க. பேரு, பணி நியமன தேதி, ரேங்க், இவ்வளவுதான் பட்டியல். ஜாதி கேட்காது, கட்சி கேட்காது, கவர் கேட்காது. கடைக்கோடி கிராமத்துல இருக்கிற டீச்சருக்கும் ஒருநாள் முறை வரும்கறதுக்கு அந்த வரிசைதான் காரன்ட்டி.”

சரிதான். ஆனால் அவரே இன்னொன்றும் சொன்னார்.

“கெடுதலும் உண்டு. இருபது, இருபத்தஞ்சு வருஷம் சாக்பீஸ் பிடிச்ச கை. திடீர்னு ஒரு திங்கட்கிழமை அதுல கேஷ் புக்கைக் கொடுக்கறாங்க. பாடம் நடத்தத் தெரிஞ்சவருக்கு ஆளை நடத்தத் தெரியணும்னு அவசியமில்லையே? சில பேர் அருமையா வருவாங்க. சில பேர் ரிட்டயர்மென்ட் வரைக்கும் ஃபைலுக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்குவாங்க. எது வரும்னு ஊருக்குத் தெரியாது. ஏன், அவங்களுக்கே தெரியாது!”

அந்த வரிசையும் சும்மா நகர்ந்துவிடாது. முன்னால் இருப்பவர் ரிட்டயர் ஆனால்தான் பின்னால் இருப்பவருக்கு வழி. தமிழ்நாட்டில் ஓய்வு பெறும் வயது 58 ஆக இருந்தது. 2020 மே மாதம் 59 ஆக்கினார்கள். 2021 பிப்ரவரியில் 60 ஆயிற்று. முன்னால் நின்றவருக்கு லட்டு, பின்னால் நின்றவருக்கு இரண்டு வருஷம் கூடுதல் காத்திருப்பு!

அதற்கப்புறம் இன்னொரு குண்டு. 2025 செப்டம்பர் 1-ந் தேதி சுப்ரீம் கோர்ட் ஒரு தீர்ப்பு சொன்னது. ஓய்வுபெற ஐந்து வருஷத்துக்கு மேல் இருக்கிற ஆசிரியர்கள், வேலையில் நீடிக்க வேண்டுமானால் இரண்டு வருஷத்துக்குள் ‘டெட்’ என்கிற ஆசிரியர் தகுதித் தேர்வில் தேற வேண்டும். ஐந்து வருஷத்துக்குள் ரிட்டயர் ஆகிறவர்கள் எழுதாமலே நீடிக்கலாம். ஆனால் பதவி உயர்வு வேண்டுமென்றால் அவர்களும் எழுதத்தான் வேண்டும். ஐம்பத்தாறு வயதில், பேரனுக்குச் சொல்லிக்கொடுக்கிற வயதில், பேரனோடு உட்கார்ந்து படிக்க வேண்டிய நிலைமை! அன்றையிலிருந்து எந்த ஸ்டாஃப் ரூமுக்குப் போனாலும் டீ ஆறிப்போகிற அளவுக்கு இதே பேச்சுதான்.

‘சரி, மற்ற இடங்களில் என்ன செய்கிறார்கள்?’ என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன்.

கேந்திரிய வித்யாலயாவில் நேரடியாகவும் ஆள் எடுக்கிறார்கள். விளம்பரம், எழுத்துத் தேர்வு, நேர்முகத் தேர்வு எல்லாம் உண்டு. கூடவே துறைக்குள்ளேயே தேர்வு வைத்துப் பதவி உயர்வும் தருகிறார்கள். நம்மூர் அரசு உதவி பெறும் பள்ளிகளில் சம்பளம் அரசாங்கம் கொடுத்தாலும், எச்.எம். யார் என்பதைப் பள்ளி நிர்வாகம்தான் முடிவு செய்கிறது. திறமைதான் முதலில், இரண்டு பேரும் ஏறக்குறைய சமம் என்றால்தான் பணிமூப்பு என்பது அங்கே வெகு காலமாக இருந்த விதி. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ‘திறமையை யார் அளக்கிறது?’ என்று கோர்ட்டுக்குப் போன வழக்குகளும் அங்கேதான் அதிகம்.

பீகாரில் ஒரு பரீட்சையே வைத்துப் பார்த்தார்கள். 2022-ல் அந்த மாநிலத் தேர்வாணையம் அரசு மேல்நிலைப் பள்ளிகளுக்கு 6,421 தலைமையாசிரியர்களை எடுப்பதற்காகத் தேர்வு நடத்தியது. எழுதியவர்கள் 13 ஆயிரத்துச் சொச்சம். தேறியவர்கள் எத்தனை பேர் தெரியுமா? 421! அதாவது, ‘திறமைக்குத்தான் நாற்காலி’ என்று கறாராக நின்றதில், ஆறாயிரம் நாற்காலி காலி!

பரீட்சை வைத்தாலும் காலி, வரிசை வைத்தாலும் காலி. எப்படி எடுத்தாலும், எடுக்கிற வரைக்கும் அந்த வகுப்பில் யார் நிற்பது என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை.

வேப்பமரத்தடியில் ஒரு வியாபாரி!

ஒரு வழியாகக் கலந்தாய்வுத் தேதி வந்தது. மாவட்டத் தலைநகரில் ஒரு பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டர் அறை. உள்ளே நமக்கு அனுமதி கிடையாது. வாசலில் ஒரு வேப்பமரம். அதற்கு அனுமதி தேவையில்லை!

லீவு போட்டுவிட்டு, கையில் ஒரு கவரோடு அங்கே போய் நின்றேன். தப்பாக நினைக்காதீர்கள். கவரில் எங்கள் பள்ளியின் போட்டோக்கள்! புது கட்டடம், லேப், புளியமரம், கொடிக்கம்பம், பெண்கள் டாய்லெட் (கழுவிவிட்டு எடுத்தது!).

உள்ளே போகிறவர்கள் பெரும்பாலும் ஐம்பது தாண்டியவர்கள். கையில் பிளாஸ்டிக் ஃபோல்டர். பதவி உயர்வு வாங்கப் போகிற முகமே இல்லை. ‘மகளுக்குக் கல்யாணம் பேசிக்கிட்டிருக்கேன், தூரமா போட்டுட்டா என்ன பண்றது?’, ‘அம்மாவுக்கு டயாலிசிஸ்’, ‘எண்பது கிலோமீட்டர்னா நான் வேணாம்னு எழுதிக் கொடுத்துட்டுப் போயிடுவேன்’... இதுதான் பேச்சு. இருபத்தைந்து வருஷம் காத்திருந்து கிடைக்கிற பதவியை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிறவர்களும் இருக்கிறார்கள் என்பதை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன்.

தயங்கித் தயங்கிப் போட்டோவை நீட்டினேன். “சார், எங்க ஊர் ஸ்கூல் லிஸ்ட்ல இருக்கு... ஒரு பார்வை பாருங்க.”

ஒருத்தர் என்னை ரியல் எஸ்டேட் ஆள் என்று நினைத்து, “இப்ப பிளாட் எதுவும் வாங்கற மாதிரி இல்லைப்பா” என்றார்!

ஆனால் நின்று பேசியவர்கள் கேட்ட கேள்விகள் இருக்கின்றனவே... நான் எந்த இன்டர்வியூவிலும் அப்படித் திணறியதில்லை.

“கிளார்க் இருக்காரா?” - இல்லை.

“வாட்ச்மேன்?” - இல்லை.

“டாய்லெட் கழுவ ஆள்?” - பகுதி நேரம்... எப்பவாவது.

“போன வருஷம் பத்தாங்கிளாஸ் ரிசல்ட்?” - சொன்னேன். உதட்டைப் பிதுக்கினார்.

“கணக்குக்கு ஆள் இருக்கா?”

இதற்கு மட்டும் தைரியமாகச் சொன்னேன். “இருக்காரு சார். நீங்க வந்தா கிளாஸுக்குப் போவாரு!”

கடைசியாக வந்தவர்தான் அந்த மேடம். நரைத்த தலை, காட்டன் புடவை, தோளில் ஒரு துணிப்பை. போட்டோ எதையும் பார்க்கவில்லை. ஒரே கேள்வி: ஒன்பது மணிக்கு நேர் பஸ் இருக்கா?

அப்புறம் நடந்ததுதான் முதலிலேயே சொல்லிவிட்டேனே!

பொய்க்கு வட்டி

சேர்கிற அன்றைக்கு மாலையோடு பள்ளி வாசலில் நின்றோம். ஒன்பதே காலுக்கு பிரேயர் முடிந்தது. மாலை வாட ஆரம்பித்தது. பத்துக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது மேடம் வியர்க்க வியர்க்க நடந்து வந்தார். மெயின் ரோடு விலக்கில் எட்டரைக்கே இறங்கி, ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றிருக்கிறார்.

மாலையை வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“தம்பி, ஒன்பது மணி பஸ்னு சொன்னது நீங்கதானே?”

“அது... கொஞ்சம் லேட் மேடம்...”

“எத்தனை வருஷமா லேட்?”

கணக்கு சார் திரும்பி நின்று கொடிக்கம்பத்தைப் பார்த்தார். நான் ஒப்புக்கொண்டேன். கோபித்துக்கொண்டு திரும்பிவிடுவாரோ என்று வயிற்றில் புளி கரைந்தது. மேடம் துணிப்பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்துக் குடித்தார். பிறகு சொன்னார்:

“எனக்கு அப்பவே சந்தேகம்தான். என் முறை வந்தப்ப லிஸ்ட்ல இன்னும் நாலஞ்சு ஊர் இருந்துச்சு. ஆனா, இல்லாத பஸ்ஸை இருக்குன்னு சொல்றதுக்குக்கூட வேற எந்த ஊர்லேருந்தும் ஆள் வரலையே தம்பி!”

அதோடு விட்டாரா? “இனிமே அந்த பஸ்ஸை நீங்கதான் ஓட்டணும்” என்றார்.

மறுநாளிலிருந்து என் டி.வி.எஸ். 50-தான் பஸ்! மெயின் ரோடு விலக்கு ஐந்து கிலோமீட்டர். காலை எட்டரைக்குப் போய்க் கூட்டிவந்து பள்ளியில் விட்டுவிட்டு, மறுபடி அதே ரோட்டில் ஆபீசுக்கு ஓட வேண்டும். என்னோடு சேர்ந்து டீக்கடை அண்ணன், ரேஷன் கடைத் தம்பி, தலைவி அக்காவின் வீட்டுக்காரர் என்று ஒரு டியூட்டி சார்ட்டே போட்டோம். அப்படியும் ஏழு வாரத்தில் எனக்கு ஒன்பது லேட் மார்க். எங்கள் கம்பெனியில் மூன்று லேட்டுக்கு அரை நாள் சி.எல். கட். ‘யாருய்யா அந்த மேடம்?’ என்று மானேஜர் ஒரு மாதிரியாகக் கேட்டார். ‘எங்க எச்.எம். சார்’ என்றால் நம்பவில்லை. பத்தாவது முடித்துப் பன்னிரண்டு வருஷம் கழித்து எவனாவது எச்.எம்.முக்குப் பயப்படுவானா?

மேடம் வந்த முதல் நாள் செய்த முதல் வேலை, ஸ்டூலைத் தூக்கி வெளியே போட்டது. “சார், நீங்க டென்த்துக்குப் போங்க. போன் வந்தா நான் பேசிக்கிறேன்.” கணக்கு சார் ஒரு நிமிஷம் அப்படியே நின்றார். பிறகு சாக்பீஸ் டப்பாவை எடுத்துக்கொண்டு, ஏறக்குறைய ஓடினார்.

அதிசயம் எதுவும் நடக்கவில்லை. இது சினிமா இல்லை. ஏழு மாத ஓட்டையை மூன்று மாதத்தில் அடைக்க முடியாது. நாற்பத்திரண்டு பேரில் ஐந்து பேர் கணக்கில் போய்விட்டார்கள். அந்த ஐந்து பேரின் பேரும் எனக்குத் தெரியும். ஒருத்தன் இப்போது ஒர்க்‌ஷாப்பில் இருக்கிறான். துணைத் தேர்வு எழுதுடா என்றால் தலையைச் சொறிகிறான். அக்கா மகனுக்குக் கணக்கில் 41. பாஸ் மார்க் 35. ‘ஆறு மார்க் எக்ஸ்ட்ரா மாமா!’ என்று ஸ்வீட் கேட்டான்.

ஒன்று மட்டும் நடந்தது. பஸ் டெப்போவுக்கு நாங்கள் நாலு மனு கொடுத்தும் ‘பரிசீலனையில் உள்ளது’ என்றுதான் பதில் வந்துகொண்டிருந்தது. மேடம் ஐந்தாவது மனு எழுதினார். நாங்கள் எழுதிய மாதிரி ‘ஐயா, மாணவர்களின் எதிர்காலம் இருளில்...’ என்றெல்லாம் இல்லை. எந்தெந்தக் குக்கிராமத்தில் எத்தனை பிள்ளைகள், யார் யார் பஸ் பாஸ் வைத்திருக்கிறார்கள், எந்த ஸ்டாப்பில் எத்தனை பேர் ஏறுவார்கள் என்று ஒரே ஒரு பக்க அட்டவணை. அடியில் பள்ளி முத்திரை. அந்த முத்திரை எட்டு மாதமாக பீரோவுக்குள் தூங்கிக்கொண்டிருந்தது!

மார்ச் மாதம் ஒரு திங்கட்கிழமை, எட்டு ஐம்பதுக்கு எங்கள் ஊர் டீக்கடை எதிரே ஹாரன் சத்தம். யாரும் நம்பவில்லை. கல்யாண வண்டி வழி தவறி வந்துவிட்டது என்று நினைத்தார்கள். டவுன் பஸ்! 2021-லிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாதே... முன் சீட்டிலிருந்து மேடம் காசில்லாமல் கம்பீரமாக இறங்கினார். பின்னாலேயே இருபது, முப்பது பிள்ளைகள்.

“என்ன தம்பி, உங்க பஸ் இன்னிக்கு டயத்துக்கு வந்துடுச்சு?” என்றார்.

நான் டி.வி.எஸ். 50-ஐ ஸ்டாண்ட் போட்டுவிட்டு, பஸ்ஸின் நேரத்தை வாட்ச்சில் சரிபார்த்துக்கொண்டேன். பில் சரிபார்க்கிறவனுக்கு அந்தப் புத்தி போகாதே!

எங்கள் எச்.எம்.மை நாங்கள் தேர்ந்தெடுக்கவில்லை. இனியும் தேர்ந்தெடுக்கப்போவதில்லை. அது வரிசை பார்த்துக்கொள்ளும். ஆனால் வரிசையில் நிற்கிற ஒரு டீச்சர், கம்ப்யூட்டர் திரையில் எங்கள் ஊர்ப் பேரைப் பார்க்கிற அந்த ஒரு நிமிஷத்தில், ‘சரி, போகலாம்’ என்று நினைக்கிற மாதிரி ஊரை வைத்திருப்பது மட்டும் எங்கள் கையில்தான் இருக்கிறது. ஒரு பஸ், ஒரு தண்ணீர்த் தொட்டி, கழுவின டாய்லெட். எச்.எம். தேவை என்று கொடுக்கிற விளம்பரம் அதுதான்.

மேடத்துக்கும் ஒருநாள் மே 31 வரும். மாலை வாங்குவோம், போட்டோ பிடிப்போம். பிறகு நான் மறுபடி வேப்பமரத்தடிக்குப் போவேன். யாராவது துணிப்பையோடு வந்து, ‘ஒன்பது மணிக்கு நேர் பஸ் இருக்கா தம்பி?’ என்று கேட்பார்கள்.

“எட்டு ஐம்பதுக்கே இருக்கு மேடம்!”

இந்தத் தடவை, சத்தியமாக!